ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவு: டப்பாவா, சத்துமாவா, வீட்டுச் சோறா?

ஆறு மாதம் முடியப்போகும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. மாமியார் கேழ்வரகுக் கூழ் என்பார், அம்மா ஏத்தங்காய் (நேந்திரங்காய்) மாவு கொடுத்துத்தான் உன்னை வளர்த்தேன் என்பார், பக்கத்து வீட்டு அக்கா கடையில் விற்கும் டப்பா சீரியலை வாங்கிவிடு, ஒரு தொல்லையும் இல்லை என்பார், பால்வாடியிலிருந்து சத்துமாவுப் பாக்கெட் வந்திருக்கும், போனைத் திறந்தால் முப்பது பொருள் போட்ட சத்துமாவு என்று யாரோ விற்றுக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஐந்தாறையும் எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "எங்க பிள்ளைக்கு ஒத்துக்கிச்சு" என்பதோடு முடிந்துவிடும்.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். இதில் இரும்புச் சத்து எவ்வளவு உடம்பில் சேரும், ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் எவ்வளவு சத்து அடங்கும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இரும்பை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில் குழந்தை தனக்கு வேண்டிய இரும்பைச் சேர்த்துக்கொண்டுதான் பிறக்கிறது, அந்தக் கையிருப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு உணவிலிருந்துதான் வர வேண்டும். தேவையும் கொஞ்சமில்லை, அமெரிக்கக் கணக்குப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு, வளர்ந்த ஆணுக்கே 8 மில்லிகிராம்தான். நம் ஊர் நிலை என்னவென்றால், 2019–21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் இந்தியா முழுக்க 67.1 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பாதிக்கு மேல். மூளை வேகமாக வளரும் வயதில் இரும்பு குறைந்தால் அந்தப் பாதிப்பைப் பிறகு முழுவதும் சரிசெய்ய முடியாமல் போகலாம், அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, கிண்ணத்துக்குள் அடங்கும் சத்து. ஆறேழு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி, மிஞ்சிப்போனால் 250 மில்லி பிடிக்கும். 6 முதல் 8 மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும், 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 கலோரி பக்கம் இருக்கிறது. நாம் கொடுக்கும் கஞ்சி அதைவிட நீர்த்துப்போயிருந்தால், சத்துள்ள பாலை விலக்கிவிட்டுச் சத்தில்லாததை ஊட்டுகிறோம் என்று அர்த்தம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கேழ்வரகு, ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதில்தான் தொடங்குகிறார்கள். நல்ல தானியம், சந்தேகமே வேண்டாம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம், இரும்பு 4.6 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஆனால் குழந்தை 100 கிராம் மாவு சாப்பிடப்போவதில்லை. ஒரு கிண்ணம் கூழுக்கு 20 கிராம் மாவு போட்டால் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட வராது, தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதிலும் பெரும்பகுதியை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆக, கேழ்வரகைக் கால்சியத்துக்காகவும் மாவுச்சத்துக்காகவும் கொடுக்கலாம், இரும்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கூழின் இன்னொரு சிக்கல் அடுப்பில்தான் தெரியும். சாதாரண மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கொஞ்ச மாவிலேயே களி போல இறுகிவிடும், இறுகினால் விழுங்க மாட்டேன் என்று துப்பும், உடனே நாம் தண்ணீர் விட்டு ஓட்டமாக்குவோம். 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் மாவு என்றால் 32 கலோரிதான், தாய்ப்பாலில் பாதி. இதற்குப் பாட்டிமார் கண்டுபிடித்த வழி முளைகட்டுவது. கேழ்வரகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈர வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு நாளில் முளை வந்துவிடும், அதை நிழலில் நன்றாக உலர்த்தி, லேசாக வறுத்து, அரைத்துச் சலிக்க வேண்டும். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் என்ற நொதி காய்ச்சும்போது மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது, கூழ் இறுகாது. ஆகவே அதே தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மாவு போடலாம், ஃபைட்டேட்டும் குறைகிறது. வறுப்பதில் மட்டும் கவனம் வேண்டும், வாசனை வரட்டும் என்று சிவக்க வறுத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும், முளைகட்டிய பாடு வீண். கடைசியில் ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டால் 45 கலோரி கூடுதலாகச் சேரும். எண்ணெய் விட்டால் சளி பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, தாராளமாக விடலாம்.

கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சுவதும் நல்லதுதான், தொடக்கத்தில் ஒரு வாரம் பத்து நாள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து வீட்டுச் சத்துமாவு. எண்ணிக்கை கூடக்கூட சத்து கூடும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. பதினெட்டு பொருள், இருபத்தைந்து பொருள், முப்பது பொருள் என்று போட்டி. உண்மையில் வேண்டியது ஒரு தானியம், ஒரு பருப்பு, கொஞ்சம் எண்ணெய் வித்து, அவ்வளவுதான். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் அது உண்டு. இரண்டு மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று சேர்த்தால் புரதம் முழுமையாகிவிடும். கேழ்வரகு அல்லது புழுங்கலரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு அல்லது பொட்டுக்கடலை ஒரு பங்கு, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. முப்பது பொருள் மாவில் குழந்தைக்குத் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யார் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொண்ட பிறகு சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

வேர்க்கடலை என்றதும் அலர்ஜி வருமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. லண்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2015ல் வெளிவந்தது. கடுமையான கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கினார்கள், மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. கொடுத்தவர்களில் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. தள்ளிப்போடுவதால் லாபமில்லை என்பது அதிலிருந்து தெளிவாகிவிட்டது. கரப்பான் அதிகமாக இருக்கும் குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். மற்றபடி நைசாகப் பொடித்து, கூழில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், முழுக் கடலை ஐந்து வயது வரை கையில் தரவே கூடாது.

மாவு மில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கடை திறந்ததும் போய், முன்னால் அரிசியோ கோதுமையோ அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அரையுங்கள், மிளகாய் அரைத்த கையோடு அரைத்தால் அந்தக் காரம் மாவோடு வந்துவிடும். சூடாக இருக்கும் மாவைத் தாளில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வேர்க்கடலை சேர்த்த மாவில் பூஞ்சை சாதாரண விஷயமில்லை, அஃப்ளடாக்சின் என்ற நச்சு அதில்தான் வருகிறது. ஒரு மாதத்துக்கு மட்டும் அரைப்பது நல்லது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், அரைத்த தேதி, என்னென்ன பொருள் என்ற பட்டியல் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "எங்கள் பாட்டி முறை" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

டப்பா சீரியலுக்கு வருவோம். இதைப் பேசும்போது ஒரு பக்கம் விஷம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் அது இல்லாமல் குழந்தை வளராது என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. டப்பாவின் பலம் அதில் சேர்த்திருக்கும் இரும்பும் துத்தநாகமும்தான், நான் முதலில் சொன்ன அளவுகோலில் வெறும் அரிசிக் கஞ்சியைவிடவும் கேழ்வரகுக் கூழைவிடவும் இது மேல். பலவீனம் மூன்று. ஒன்று சர்க்கரை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ என்ற அமைப்பு, நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சேர்த்த சர்க்கரை இருக்கிறது, ஐரோப்பாவில் அதே நிறுவனம் விற்பதில் இல்லை என்று வெளியிட்டது பெரிய விவாதமானது. அந்த ஆண்டே நெஸ்லே இந்தியா சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளைக் கொண்டுவருவதாக அறிவித்தது. ஆகவே எந்த நிறுவனமானாலும் பின்பக்கப் பட்டியலில் சேர்த்த சர்க்கரை என்ற வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள், சுழியம் என்று இருக்க வேண்டும். இரண்டாவது, எப்போதும் ஒரே வழவழப்பு, ஒரே பால் வாசனை. மூன்றாவது விலை, அந்தக் காசுக்கு வீட்டில் எத்தனை முட்டை, எவ்வளவு பருப்பு வரும் என்று கணக்குப் போட்டாலே தெரியும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் உணவுக்கு இந்த நாட்டில் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992ல் வந்த சட்டமும் 2003ல் வந்த திருத்தமும் சொல்கின்றன. மருத்துவமனையிலேயே யாராவது ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிக் கையில் மாதிரிப் பாக்கெட் கொடுத்தால் அது சட்டப்படி தப்பு என்பது தாய்மாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பால்வாடிச் சத்துமாவைப் பற்றி நிறைய பேருக்கு ஓர் இளக்காரம் இருக்கிறது, அது எனக்கு வருத்தமாகவே இருக்கும். மாட்டுக்குப் போடுகிறார்கள், கோழிக்குப் போடுகிறார்கள், உருண்டை பிடித்துப் பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் இவற்றோடு வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்த மாவு அது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று 2013ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளவு வைத்தது. கொடுப்பது இலவசமாக. குறை என்றால் வெல்லம் கணிசமாகவே இருக்கிறது, அதனால் ஒரு வயதுக்குள் இதையே மூன்று வேளையும் கொடுக்காமல் ஒரு வேளை போதும் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு வயதுக்கு மேல் பழமோ வேர்க்கடலைப் பொடியோ சேர்த்துக் கொடுக்கலாம். கையில் காசு குறைவாக இருக்கும் வீட்டில் கடன் வாங்கி டப்பா வாங்குவதைவிட இந்தப் பாக்கெட்டும் வாரத்துக்கு நாலைந்து முட்டையும் எவ்வளவோ மேல். அங்கே மாதாமாதம் எடை போடுவதையும் தவறவிடாதீர்கள். 1980ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதம் தவறாமல் நிறுத்துப் பார்த்ததுதான் முக்கிய வேலையாக இருந்தது. நாம் கொடுக்கும் உணவு போதுகிறதா என்பதற்கு அந்த அட்டையில் ஏறும் கோட்டைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.

ஏத்தங்காய் மாவு கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் உயிர். செரிக்கும், குழந்தை விரும்பிச் சாப்பிடும், எடையும் போடும். ஆனால் பெரும்பாலும் மாவுச்சத்துதான், புரதமும் இரும்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பருப்பு மாவோ முட்டையோ கூட இருந்தால் கொடுக்கலாம், தனியாக அதையே ஆறு மாதம் ஓட்டக் கூடாது. பிஸ்கெட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவது, ரஸ்க்கை டீயில் நனைத்துக் கொடுப்பது இரண்டையும் ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன், மைதாவும் சர்க்கரையும்தான் அது, டீ இருக்கிற கொஞ்ச இரும்பையும் சேரவிடாது.

இனி நான் முதலிடம் கொடுக்கும் ஒன்று: வீட்டுச் சோறு. மாவைக் காய்ச்சி ஊட்டுவதுதான் குழந்தை உணவு என்ற எண்ணம் ஏன் இவ்வளவு ஊறிப்போனதோ தெரியவில்லை, குழைந்த சோறும் வெந்த பருப்பும் நெய்யும் பிசைந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும். பருப்புத் தண்ணீர், ரசத் தண்ணீர், காய் வேகவைத்த தண்ணீர் என்று தெளிவை மட்டும் இறுத்துக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. சத்து அடியில் கிடக்கும் பருப்பில் இருக்கிறது, அதைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். பருப்பையே மசித்துக் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் உணவு சட்டென்று வழிந்து ஓடக் கூடாது, தங்கி நின்று மெதுவாக இறங்க வேண்டும், அதுதான் பதம்.

இரும்புக்கு என்ன செய்வது? அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் வழி சுலபம். கறியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பு தானியத்திலும் கீரையிலும் இருப்பதைவிடப் பல மடங்கு நன்றாகச் சேரும். கோழி ஈரலை வேகவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகிவிடும், பருப்புச் சோற்றில் ஒரு டீஸ்பூன் கலந்து வாரம் ஒரு முறை கொடுக்கலாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். ரத்தம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நம் ஊரில் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் பழக்கம் உண்டே, ஆட்டு மண்ணீரல், அதுவும் அருமையான இரும்பு. நன்றாக வேகவைத்து மேல் தோலை நீக்கி உள்ளே இருப்பதை வழித்தெடுத்துக் கொடுக்கலாம். முள்ளில்லாத மீன், கொத்துக்கறி, முட்டை எல்லாம் ஆறு மாதத்திலிருந்தே தரலாம். அசைவத்துக்கு ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு முட்டை, மீன், இறைச்சி தினமும் கிடைக்க வேண்டும் என்கிறது. தினமும் கறி வாங்க எந்த வீட்டில் முடியும், ஆனால் பெரியவர்களுக்குக் குழம்பு வைக்கிற நாளில் உப்பும் காரமும் போடும் முன் குழந்தைக்கு இரண்டு துண்டு எடுத்து வைப்பது முடியும்.

முட்டையைப் பற்றி: எக்வடாரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்ததில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவது பாதியளவு குறைந்தது, 2017ல் வந்த ஆய்வு. பிறகு ஆப்பிரிக்காவின் மலாவியில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை, அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டை மந்திரம் என்று இதற்குப் பொருளில்லை. தானியம் மட்டுமே தின்னும் குழந்தைக்கு அது பெரிய வித்தியாசம் செய்யும் என்று எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைக்கருவை விட்டு மஞ்சளை மட்டும் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம், நன்றாக வேகவைத்து முழுசாகவே கொடுக்கலாம்.

சைவ வீடுகளில் வேலை கொஞ்சம் அதிகம், முடியாதது இல்லை. பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை ஊறவைத்து வேகவைத்து மசித்து, இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, அல்லது கூடவே கொய்யாப் பழச் சதை. வைட்டமின் சி இருந்தால் தாவர இரும்பு நன்றாகச் சேரும். இட்லியும் நல்ல தேர்வு, மாவு புளிக்கும்போது ஃபைட்டேட் குறைகிறது. சர்க்கரை தொட்டுக் கொடுக்காமல் நெய்யும் பருப்பும் தொட்டுக் கொடுங்கள். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது, ஒரு டீஸ்பூன் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இருக்கும் இரும்பு எதற்கும் காணாது. அவையும் சர்க்கரைதான், பனங்கற்கண்டும் அப்படியே. ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்கத் தேவையில்லை, தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியால் கைக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் வரலாம். நாக்கில் தேன் தடவும் சடங்கு இருந்தால் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டுச் சோற்றுக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம், அது மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் வழவழப்பாக மசித்தது, ஏழெட்டு மாதத்தில் கையால் பிசைந்தது, ஒன்பது மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைக்கத் தெரிந்ததும் தட்டில் அப்படியே போட்டுவிடுவது, ஒரு வயதில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. பிரிட்டனில் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், கட்டியும் துண்டுமான உணவைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்ட குழந்தைகள் பிற்காலத்தில் சாப்பிட அதிகம் அடம்பிடித்தது தெரிந்தது. மிக்ஸியில் அரைத்தே ஒன்றரை வயது வரை ஊட்டிவிட்டு, "எதைக் கொடுத்தாலும் ஓங்கரிக்கிறான்" என்று வருந்துவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கரண்டியே இல்லாமல் முதல் நாளிலிருந்தே குழந்தை தானாக எடுத்துச் சாப்பிடட்டும் என்பது இப்போது நகரங்களில் பரவும் முறை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வில், பெற்றோருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்துச் செய்தபோது மூச்சடைப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகமாகவில்லை. ஆனால் அதில் இரும்புள்ள உணவு ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்தார்கள். நாம் வெறும் கேரட்டும் வாழைப்பழமும் வைத்தால் அந்தப் பலன் வராது. பாதி ஊட்டி, பாதி தானாக எடுக்கவிடுவதுதான் நம் வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. எப்படியானாலும் உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முழு திராட்சை, பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, பாப்கார்ன், பொட்டுக்கடலை, முறுக்கு வேண்டாம். இருமலும் சத்தமுமாக ஓங்கரித்தால் அது பழகுகிறது. சத்தமே வராமல் மூச்சுவிடத் திணறினாலோ முகம் நீலமானாலோ அது மூச்சடைப்பு, அதற்கான முதலுதவியை வீட்டில் எல்லோரும் கற்றுவைத்திருப்பது நல்லது.

சரி, எதை எடுப்பது? வீட்டில் சமைக்கவும் ஊட்டவும் ஆள் இருந்தால் பருப்புச் சோறு, முட்டை, கறி, மீன் இவைதான் அடிப்படை, முளைகட்டிய கேழ்வரகு ஒரு வேளை. அம்மா வேலைக்குத் திரும்பி, வயதான பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் அம்மா இருக்கும் காலையும் இரவும் சோறு, பகலில் பாட்டிக்கு எளிதாக வீட்டுச் சத்துமாவு. பயணத்துக்கும் காய்ச்சலிலிருந்து எழுந்து எதையும் தொடாத நாலு நாளுக்கும் சர்க்கரை சேர்க்காத டப்பா இருந்துவிட்டுப் போகட்டும், அதில் குற்ற உணர்ச்சி எதற்கு. சைவ வீட்டில் சோறு பருப்புக்கு மேல் இரும்பு சேர்த்த சீரியல் ஒரு வேளை கொடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. வருமானம் குறைந்த வீட்டில் பால்வாடி மாவும் சோறும் முட்டையும். எண்ணிக்கை 6 முதல் 8 மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை. அதற்குப் பிறகு மூன்று நாலு வேளை, நடுவில் பசித்தால் பழமோ சுண்டலோ மசித்தது. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

ஒரு வயதுக்கு மேல் "சாப்பிடவே மாட்டேன்கிறான்" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எவ்வளவு பால் குடிக்கிறான் என்றுதான். மாட்டுப் பாலை ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது, அதற்குப் பிறகும் நாளைக்கு அரை லிட்டருக்குள் நிற்க வேண்டும். முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று பாட்டிலில் போனால் வயிறு நிறைந்துவிடும், பாலில் இரும்பு மிகக் குறைவு, கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் ரத்தசோகை இருக்கலாம். பாலைக் குறைத்தால் பெரும்பாலும் சில நாளில் சோறு இறங்கத் தொடங்கும்.

எந்த உணவைத் தேர்ந்தெடுத்தாலும் கிராம செவிலியரோ ஆரம்ப சுகாதார நிலையமோ கொடுக்கும் இரும்புச் சத்து மருந்தை விடாதீர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி, அதில் 20 மில்லிகிராம் இரும்பு. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தையின் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அவர்களுக்கு மருத்துவர் இன்னும் முன்னாலேயே சொட்டு மருந்து தொடங்குவார். பாலோடு கலக்காமல், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்து, பிறகு இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள், பல்லில் கறை பிடிக்காது. மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்தான், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.